ஒரே நூலில் நிற்கும் பெயர்: இரண்டாவது நூல் எழுதப்படவில்லையா, நம் கைக்கு வந்து சேரவில்லையா?

துறைமுகத் தோணி (ஜார்ஜ் டவுன், பினாங்கு):

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை சௌராஸ்தா சந்தையின் மாடியில், மலாய்ப் பாடநூல்களுக்கும் பழைய ஆங்கில நாவல்களுக்கும் இடையில், ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' ஒரு படி கிடைத்தது. மேலட்டை இல்லை. யாரோ பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, முதுகில் நீல மையால் தலைப்பை எழுதி, உள்ளே பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தார். கடைக்காரர் ஐந்து வெள்ளி கேட்டார். பேரம் பேச மனம் வரவில்லை. நான் ஏற்கெனவே இரண்டு முறை படித்த நாவல்தான். ஆனால் அந்தக் கோடுகளை இட்டவர் பினாங்குக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் கதை பினாங்குக்கு வந்த பிறகுதான் கோடுகள் நெருக்கமாக விழுந்திருந்தன.

சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்து, பதினெட்டு வயதில் சுமத்திராவின் மெடான் நகருக்குக் கப்பலேறி, போர்க்காலத்தைக் கடல் கடந்த மண்ணிலேயே கழித்து, 1946-இல் ஊர் திரும்பியவர். பிறகு மதுரையில் தினத்தந்தி நாளிதழில் வேலை பார்த்தார். வாழ்நாளில் எழுதியவை இரண்டே நாவல்கள். முதலாவதான 'கடலுக்கு அப்பால்' கலைமகள் நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959-இல் நூலானது. இரண்டாவதான 'புயலிலே ஒரு தோணி' 1962 வாக்கிலேயே எழுதி முடிக்கப்பட்டும் 1972-இல்தான் அச்சேறியது. அதன் பிறகு அவர் 1997 இறுதியில் மறையும் வரை இன்னொரு நாவல் வரவில்லை. இன்று அவர் பெயரைச் சொன்னால் யாரும் 'கடலுக்கு அப்பால்' நாவலை நினைப்பதில்லை. பெயர் முழுவதும் அந்த ஒரு தோணியிலேயே ஏறிக்கொண்டது.

சந்தையிலிருந்து புத்தகத்துடன் பினாங்குத் தெரு வரை நடந்தேன். செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த தெரு அது. பெட்டியடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து கணக்கு எழுதியவர்களின் பேச்சையும் வேலைமுறையையும் இத்தனை நுணுக்கமாகச் சொன்ன வேறு தமிழ்ப் படைப்பு எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட கை ஏன் நின்றுபோனது? சொல்ல வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டதா, அல்லது பத்தாண்டுகள் கையெழுத்துப் படியாகக் காத்திருந்த நாவல் அவருடைய ஊக்கத்தைத் தின்றுவிட்டதா? ஒரே நூலால் அறியப்படும் எழுத்தாளர்களைப் பற்றி உங்கள் கருத்துகளைக் கேட்க விரும்புகிறேன்.

செந்தூல் ஆசிரியர் (கோலாலம்பூர்):

தம்பிக்கு வணக்கம். நல்ல கேள்வி. ஆனால் ஒரே நூலால் அறியப்படுவதைக் குறைபாடாகக் கருதும் எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இளங்கோவடிகளிடம் இரண்டாவது காப்பியம் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. சேக்கிழாரிடமும் கேட்டதில்லை. நூல் என்பதையும் விடுங்கள். ஒரே பாட்டால் ஈராயிரம் ஆண்டுகளாக நிற்பவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள்.

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "செம்புலப் பெயனீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே" என்று முடிகிறது. அதைப் பாடியவரின் இயற்பெயர் தெரியாததால், தொகுத்தவர்கள் அந்த உவமையையே எடுத்து அவருக்குச் செம்புலப் பெயனீரார் என்று பெயர் சூட்டினார்கள். நற்றிணை 284-இல், பொருள் தேடப் போ என்னும் அறிவும் திரும்பிப் போ என்னும் நெஞ்சும் தன்னை இரு பக்கமும் இழுப்பதை, இரண்டு யானைகள் பற்றி இழுக்கும் தேய்ந்த புரிகளையுடைய பழங்கயிறாகச் சொன்னவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆனார். குப்பைமேட்டில் விலக்குவார் யாருமின்றித் தாமே போரிட்டுத் தாமே ஓயும் கோழிகளைச் சொன்னவர் குப்பைக்கோழியார். படைத்தவன் பெயர் அழிந்து, படைப்பே பெயராக நிற்பதைவிடப் பெரிய புகழ் என்ன இருக்கிறது?

நான் தமிழ்ப்பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் பாடம் நடத்தியவன். இந்தப் பெயர்களை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு பாட்டைக் கேட்டதும் அமைதியாகிவிடுவார்கள். அதே நேரத்தில், ஒரு நூல் மற்றவற்றை மறைத்துவிடுவதும் உண்மைதான். மாயூரம் வேதநாயகம் பிள்ளையை 1879-இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்காக மட்டுமே நினைவு வைத்திருக்கிறோம். மாயூரத்தில் முனிசீப்பாக இருந்த அவர், நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழ் மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அவற்றைத் தொகுத்துத் தமிழாக்கி 1862-இல் வெளியிட்டவர். 'நீதி நூல்' எழுதினார், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் பாடினார், பெண்கல்விக்காக வாதாடினார், 1887-இல் 'சுகுணசுந்தரி' என்று இன்னொரு நாவலும் தந்தார். முதல் தமிழ் நாவல் என்னும் பட்டம் இவை அனைத்தையும் மூடிவிட்டது. தேர்வில் அந்த ஒரு கேள்விதானே வரும். நாங்களும் அதைத்தான் மனப்பாடம் செய்ய வைத்தோம். அந்தப் பொறுப்பில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு.

மழைக்கால வாசகி (பங்சார், கோலாலம்பூர்):

ஆசிரியர் ஐயா சொன்னதை மகிழ்ச்சியோடு படித்தேன். எல்லோரையும் ஒரே கூட்டத்தில் சேர்க்க முடியாது என்பது என் எண்ணம். எமிலி பிராண்டி 1847-இல் 'உதரிங் ஹைட்ஸ்' நாவலை எல்லிஸ் பெல் என்னும் புனைபெயரில் வெளியிட்டார். மறு ஆண்டு டிசம்பரில், முப்பது வயதில், இறந்துவிட்டார். நம்மிடம் பி. ஆர். ராஜம் ஐயர் அப்படித்தான். 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்த 'கமலாம்பாள் சரித்திரம்' 1896-இல் நூலானது. 1898-இல் அவர் மறைந்தபோது வயது இருபத்தாறு. இவர்களிடம் இரண்டாவது நாவலைக் கேட்பதே பொருந்தாது. காலம் அவர்களுக்கு அதைத் தரவில்லை.

ஹார்ப்பர் லீயின் நிலை வேறு. 1960-இல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வந்தது, மறு ஆண்டே புலிட்சர் பரிசும் வந்தது, அதற்குப் பிறகு ஐம்பத்தைந்து ஆண்டுகள் நாவல் எதுவும் வரவில்லை. 2015-இல் 'கோ செட் எ வாட்ச்மேன்' வெளியானபோது, நீண்ட காத்திருப்புக்குப் பின் வந்த இரண்டாவது நாவலாகவே பலரும் அதை வாங்கினோம். நானும் மிட்வேலியில் முதல் வாரத்திலேயே வாங்கினேன். உண்மையில் அது 'மாக்கிங்பேர்'டுக்கு முன்பே, 1950-களின் நடுவில் எழுதப்பட்ட கையெழுத்துப் படி. அதைப் படித்த பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப், வளர்ந்த பெண்ணின் கதைக்குள் ஒளிந்திருந்த சிறுமியின் நினைவுகளே இதன் உயிர் என்று கண்டுகொண்டு, அவற்றை மையமாக வைத்து மீண்டும் எழுதச் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உடனிருந்து திருத்தங்கள் சொன்னார். இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது, பதிப்பாசிரியர் என்னும் பணியின் பொருள் எனக்கு முதன்முதலாக விளங்கியது. உலகம் கொண்டாடும் அந்த ஒரு நூலுக்குப் பின்னால், எழுதியவரோடு சேர்ந்து பொறுமையாக உட்கார்ந்திருந்த இன்னொரு மனிதர் இருந்திருக்கிறார். சிங்காரத்துக்கு அப்படி ஒருவர் வாய்த்தாரா என்ற ஏக்கம் எனக்கு வருகிறது.

கறார் வாசகன் (செராஸ், கோலாலம்பூர்):

நான் சற்று மாறுபடுகிறேன். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலம் கொடுக்காமல் போனவர்களை விட்டுவிடுவோம். காலமும் உடல்நலமும் இருந்தும் ஒரே நூலோடு நின்றவர்களைக் காவிய மாந்தர்களாக ஆக்குவது, தொடர்ந்து எழுதுகிறவர்களுக்கு நாம் செய்யும் அநீதி. எழுத்து என்பது அன்றாட உழைப்பு. நம் நாட்டிலேயே ரெ. கார்த்திகேசு, பல்கலைக்கழகப் பணியின் நடுவே 'வானத்து வேலிகள்' தொடங்கி 'அந்திம காலம்', 'சூதாட்டம் ஆடும் காலம்' என்று நாவலுக்கு மேல் நாவலாகக் கடைசி வரை எழுதினார். சீ. முத்துசாமி பல்லாண்டுகள் சிறுகதையும் நாவலுமாக எழுதிய பிறகே 2017-இல் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. தன் வாழ்க்கையில் நேர்ந்த ஒரு பெரிய அனுபவத்தை எழுதிவிடுவதற்கு ஓரளவு மொழித்திறன் போதும். அந்த அனுபவம் தீர்ந்த பிறகும் எழுத முடிகிறதா என்பதில்தான் எழுத்தாளன் யார் என்று தெரியும்.

ரால்ஃப் எல்லிசனைப் பாருங்கள். 1952-இல் 'இன்விசிபில் மேன்' வந்து மறு ஆண்டு அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது. 1994-இல் இறக்கும் வரை நாற்பது ஆண்டுகள் இரண்டாவது நாவலை எழுதிக்கொண்டே இருந்தார், முடிக்கவில்லை. 1967-இல் அவருடைய வீட்டில் தீப்பிடித்து ஒரு பகுதி கருகியது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு எழுதிக் குவித்தவையே ஆயிரக்கணக்கான பக்கங்கள். முதல் நூலின் புகழே அவர் கையைக் கட்டிப்போட்டது என்று நான் நினைக்கிறேன். அப்படிக் கட்டுண்டதை நாம் ஏன் போற்ற வேண்டும்?

செம்பனைக்காட்டுப் பிள்ளை (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்):

கறார் வாசகன் அண்ணனுக்கு வணக்கம். நீங்கள் "அனுபவம் தீர்ந்த பிறகு" என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு ஆன்றி ஃபோக்கோன்யே நினைவுக்கு வந்தார். நம்மில் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 1905-இல் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் ரப்பர்த் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர் அவர். கோலா சிலாங்கூர்ப் பக்கம் தென்னமராம் தோட்டத்தில் 1917-இல், இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, பயிரிட்டவரும் அவரே. என் தாத்தா பாட்டி அந்த வட்டாரத்துத் தோட்டங்களில்தான் செம்பனைக் குலை வெட்டினார்கள், உதிர்ந்த பழங்களைப் பொறுக்கினார்கள். பாட்டியின் உள்ளங்கையில் முள் குத்திய புள்ளிகள் கடைசி வரை கருமையாக இருந்தன.

அந்தத் துரை 'மலேசி' என்று ஒரு நாவல் எழுதினார். 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. பின்னர் ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தாலும், தொண்ணூறு வயதுக்கு மேல் வாழ்ந்து 1973-இல் மறைந்த அவருக்கு அந்த ஒரு நாவல்தான் பெயர். பந்துன் என்னும் மலாய் நாலடிப் பாடல்கள் அத்தியாயங்களின் தலையில் நிற்கின்றன. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் வருகிறார்கள். அதை ஆங்கிலத்தில் படித்தபோது எனக்கு வியப்பும் வருத்தமும் ஒன்றாக வந்தன. காட்டின் ஈரத்தையும் மழைக்கு முந்தைய புழுக்கத்தையும் அவர் சொல்லியிருக்கும் விதம் உண்மையானது. நம்மவர்களோ துரையின் வராந்தாவிலிருந்து பார்த்த தொலைவிலேயே நிற்கிறார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குள் அந்த நாவல் நுழையவில்லை.

அந்த லயத்துக்குள்ளிருந்து எழுதியவர்களில் பலர் ஒரு நூலோடு நின்றதற்கு அனுபவம் தீர்ந்ததைக் காரணமாக என்னால் ஏற்க முடியவில்லை. சயாம், பர்மா இரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் அதைப் போட்டபோது தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டங்கூட்டமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் துயரத்தை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலாக எழுதினார். அவர் பெயர் இன்று அந்த இரயிலோடு பிணைந்து நிற்கிறது. அதே களத்தை 'நினைவுச் சின்னம்' நாவலில் எழுதிய அ. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை' போன்ற வேறு நாவல்களும் தந்தார். பக்கத்துக்குப் பக்கம் பிணம் விழும் ஒன்றை எழுதி முடித்தவரிடம், "அடுத்தது எப்போது?" என்று கேட்க எனக்கு நா எழாது அண்ணே.

துறைமுகத் தோணி:

தம்பி எழுதியதைப் படித்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். கறார் வாசகனின் கருத்தில் ஒரு பாதியை ஏற்கிறேன். தொடர்ந்து எழுதியவர்களை நாம் போதிய அளவு படிப்பதில்லை. ஆனால் "ஓரளவு மொழித்திறன் போதும்" என்பதை ஏற்க இயலாது. மெடானிலும் பினாங்கிலும் போரைக் கண்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பினாங்கில் நண்பர்கள் கூடிச் சங்கப் பாட்டையும் சிலம்பையும் தலைகீழாகப் புரட்டிப் பேசும் அந்த அத்தியாயத்தை எழுத வெறும் அனுபவம் போதாது. என் படியில் அந்தப் பக்கங்களில்தான் பென்சில் மிக அழுத்தமாகப் பதிந்திருக்கிறது.

நோட்டுப் புத்தகம் (ஆயர் ஈத்தாம், பினாங்கு):

வணக்கம். இங்கு எழுதப்படுவதைப் பல நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டவர். அவர் பெயரைச் சொன்னால் உங்களில் இரண்டு மூன்று பேருக்குத் தெரிந்திருக்கலாம். சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்து, பினாங்கில் ஓர் அலுவலகத்தில் கடைநிலை ஊழியராக வேலை பார்த்தவர். நம் நாட்டில் தமிழ் நூல் எப்படி வெளிவருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதியவரே பணம் போட வேண்டும். அப்பா அம்மாவின் வளையல்களை அடகு வைத்து ஐந்நூறு படிகள் அச்சிட்டார். மண்டபம் எடுத்து, மாலை வாங்கி, தலைமை தாங்குகிறவர் வரும் வரை இரண்டு மணி நேரம் எல்லோரையும் காக்க வைத்து, முதல் நூலை ஒருவர் பெற்றுக்கொண்டு, உறையில் பணம் வைத்து வாழ்த்திய அந்த ஒரு மாலைப்பொழுதில் நூற்றுச் சொச்சம் படிகள் போயின. மீதி எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. புத்தகக் கடையில் வைத்தால் நூலின் பக்கத்தில் வழிபாட்டுச் சாமான்களை அடுக்கிவிடுவார்கள். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது கறையான் ஏறி, அடியிலிருந்த இரண்டு பெட்டிகளைச் செம்மண்ணாக்கிவிட்டது. அம்மா அதை வாரிக் கொட்டியபோது அப்பா வீட்டில் இல்லாதபடி பார்த்துக்கொண்டார்.

அப்பா "ஒரே தொகுப்பு எழுதியவர்" என்று ஒரு கட்டுரையில் படித்திருக்கிறேன். அந்தக் கட்டுரையாளர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார். ஆனால் அப்பா ஒரு நாவலை முழுவதும் எழுதி முடித்து, நல்ல கையெழுத்தில் படியெடுத்து, ஓர் அச்சகத்தில் கொடுத்திருந்தார். முன்பணமும் கொடுத்தார். ஆறு மாதம், ஒரு வருடம் என்று போனது. பிறகு ஒரு நாள் அந்த அச்சகம் இருந்த இடத்தில் சட்டகம் போடும் கடை இருந்தது. படியெடுத்த கட்டு என்னவானது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா அதைப் பற்றி ஒருமுறைகூடக் கோபமாகப் பேசியதில்லை. பேனாவை மட்டும் மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

அவர் காலமாகி நான்கு ஆண்டுகளாகின்றன. சென்ற மாதம் அவருடைய துணிப்பெட்டியின் அடியில் எட்டுப் பள்ளி நோட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. படியெடுப்பதற்கு முன் எழுதிய முதல் வரைவு அது. அடித்தலும் திருத்தலுமாக இருக்கிறது, மூன்றாவது நோட்டின் பாதி நீரில் ஊறியிருக்கிறது, ஆனாலும் கதை முழுவதும் இருக்கிறது.

கறார் வாசகன்:

சகோதரி, உங்கள் பதிவை இரவு இரண்டு முறை படித்தேன். காலமும் உடல்நலமும் இருந்தும் நின்றவர்கள் என்று நான் எழுதியபோது, உங்கள் தந்தையைப் போன்றவர்களை எண்ணிப் பார்க்கவில்லை. அது என் பிழை. எழுத முடியாமல் போவதும் எழுதியது வெளிவராமல் போவதும் வேறு வேறு என்பதை நான் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

என் அடிப்படைக் கருத்தை அதற்காக முழுவதும் விட்டுவிடவில்லை. அந்த வரைவு நல்ல நாவலா என்று படித்த பிறகே சொல்ல முடியும். மகள் என்பதால் நீங்களும், உங்கள் மீது பரிவு கொண்டதால் நாங்களும் தரத்தைத் தளர்த்திவிடக் கூடாது. மழைக்கால வாசகி சொன்ன பதிப்பாசிரியரின் வேலை அங்கே தொடங்குகிறது. தேவைப்பட்டால் நான் அமர்ந்து படிக்கிறேன். கறாராகத்தான் படிப்பேன்.

மழைக்கால வாசகி:

அக்கா, உங்களுக்கு ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஜான் கென்னடி டூல் என்று ஓர் இளைஞர் 'எ கான்ஃபெடரசி ஆஃப் டன்சஸ்' என்னும் நாவலை எழுதிப் பதிப்பகத்தோடு நெடுநாள் போராடி, அது வெளிவராத நிலையில் 1969-இல், முப்பத்தொரு வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய தாய் தெல்மா அந்தத் தட்டச்சுப் படியைத் தூக்கிக்கொண்டு பல ஆண்டுகள் அலைந்தார். கடைசியில் வாக்கர் பெர்சி என்னும் எழுத்தாளரை விடாமல் பின்தொடர்ந்து படிக்க வைத்தார். ஓரிரு பக்கங்களில் கீழே வைத்துவிடலாம் என்று எடுத்த பெர்சியால் வைக்க முடியவில்லை. 1980-இல் ஒரு பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. 1981-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இத்தாலியில் லாம்பெடுசாவின் கதையும் அப்படித்தான். சிசிலியின் இளவரசர் குடும்பத்தில் பிறந்த அவர் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் எழுதிய ஒரே நாவல் 'இல் கட்டோபார்தோ'. பதிப்பகங்கள் மறுத்தன. 1957-இல் அவர் இறந்தார். மறு ஆண்டு, எழுத்தாளர் ஜார்ஜோ பசானி அதை எடுத்துப் பதிப்பித்த பிறகு இத்தாலியே அதைப் படித்தது. யாரோ ஒருவர் கையெழுத்துப் படியைக் காப்பாற்றிக் கொடுத்ததால்தான் இவர்கள் ஒரு நூல் ஆசிரியர்களாகவாவது இருக்கிறார்கள். இல்லையென்றால் அந்த ஒன்றும் இருந்திருக்காது. உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது.

செந்தூல் ஆசிரியர்:

மகளே, நீ முதலில் செய்ய வேண்டியது அந்த எட்டு நோட்டுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்பது. நீர் பட்ட மூன்றாவது நோட்டை வெயிலில் காய வைக்காதே, மை மங்கும். பக்கங்களுக்கு இடையில் வெள்ளைத் தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் மெதுவாக உலர விடு. பிறகு அடித்த சொற்களையும் அப்படியே தட்டச்சு செய். எழுதியவன் எதை நீக்கினான் என்பதும் நூலின் பகுதிதான்.

எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஹெப்சிபா ஜேசுதாசனை 1964-இல் வந்த 'புத்தம் வீடு' நாவலுக்காகத்தான் நம் ஆட்களுக்குத் தெரியும். 'டாக்டர் செல்லப்பா', 'அநாதை', 'மா-னீ' ஆகியவற்றையும் அவர் எழுதினார். தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் நான்கு தொகுதிகளாக எழுதினார். அவற்றில் எதையாவது படித்தவர்கள் இந்த இழையில் எத்தனை பேர்? நான் 'மா-னீ'யை இந்த வயதில்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

துறைமுகத் தோணி:

அக்கா, நான் ஜார்ஜ் டவுனில்தான் இருக்கிறேன். வருடிக் கருவி ஒன்று என்னிடம் உண்டு. இந்தச் சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். நோட்டுகளை நீங்கள் வீட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. 'கடலுக்கு அப்பால்' நாவலை நான் இதுவரை படித்ததில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சிங்காரத்தின் மற்ற நூலை யாரும் நினைப்பதில்லை என்று முதல் பதிவில் எழுதியவன் நான்தான். இரண்டு நாவல்களும் ஒரே தொகுப்பாக உள்ள பதிப்பை நேற்று வரவழைத்திருக்கிறேன்.

நோட்டுப் புத்தகம்:

எல்லோருக்கும் நன்றி. தம்பி சனிக்கிழமை வந்து ஆறு நோட்டுகளை முடித்துக் கொடுத்துவிட்டார். நான் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டேன்.

நான்காவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எனக்குப் புரியவில்லை. கதையில் வரும் பெண் காலையில் பால் மரம் வெட்டி முடித்து, அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் வடியவிட்டு, பாலெடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் தன் நிரைக்குத் திரும்பிப் போகிறாள். அப்பா இப்படி எழுதியிருக்கிறார்: "கடைசி மரம் வரைக்கும் போய் மங்குகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்." அதோடு நோட்டு முடிகிறது. 'மங்கு' என்பதை நான் முதலில் எழுத்துப்பிழை என்று நினைத்தேன். நான் தோட்டத்தில் வளர்ந்தவள் இல்லை. அகராதியில் பார்த்த பொருள் எதுவும் இங்கே பொருந்தவில்லை. ஐந்தாவது நோட்டைத் திறந்தால் அவள் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவிக்கொண்டிருக்கிறாள். இடையில் சில தாள்கள் தொலைந்துவிட்டனவோ என்று பயமாக இருக்கிறது.

செம்பனைக்காட்டுப் பிள்ளை:

அக்கா, தாள் எதுவும் தொலையவில்லை. மங்கு என்பது மரத்தில் பால் வடிந்து விழுவதற்குக் கம்பியில் மாட்டியிருக்கும் கிண்ணம். மலாய்ச் சொல் தோட்டத்துத் தமிழில் அப்படி ஆகிவிட்டது. பாலெடுத்த பிறகும் கொஞ்சம் வடிந்துகொண்டிருக்கும் என்பதால், மங்கை நிமிர்த்தியே வைத்துவிட்டு வருவார்கள். மறுநாள் போகும்போது அது கட்டியாகிக் கிடக்கும், அதையும் எடுத்து எடைக்குப் போடுவார்கள். அம்மா வழித் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார், அவரிடம் தொலைபேசியில் உங்கள் வரியைப் படித்துக் காட்டினேன். மரத்தை வெட்டாமல் விடப் போகிறவர்கள்தான் மங்கைக் கவிழ்ப்பார்கள் என்றார். பிறகு, "யார் எழுதினது?" என்று கேட்டார்.

நோட்டுப் புத்தகம்:

அப்படியானால் அவள் மறுநாள் வேலைக்கு வரப் போவதில்லை. அவள் எப்போது ஈப்போவுக்குப் போக முடிவு செய்தாள் என்று மூன்று நாளாக முன் பக்கங்களில் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா பெயரைத் தாத்தாவிடம் சொல்லுங்கள் தம்பி. உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். ஐந்தாவது நோட்டை இன்றிரவு தொடங்குகிறேன்.